பிஸ்கட் டப்பாவில் கிடந்த கச்சேரிகள்: பழைய கேசட்டைக் காப்பாற்றிக் கைமாற்றும் முறை

பெரியம்மா வீட்டுக் கார் கொட்டகையில் ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் கேசட்டுகள் கிடைத்தன. ஒன்றின் மேல் நீல மையில் "அண்ணன் பாட்டு" என்று எழுதியிருந்தது. யாருடைய அண்ணன்? எந்த மேடை? எழுதியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். குரல் அருமையாகக் கேட்கிறது. ஆள் யாரென்றுதான் தெரியவில்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர் வீடுகளில் இப்படிக் கிடக்கும் கேசட்டுகளை லேசாக நினைத்துவிடாதீர்கள். 1946இல் இந்தியா தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை நிறுத்தியது. தூதரக உறவு திரும்பியது 1993இல்தான். அந்த இடைக்காலத்தில் நம் கோயில் மேடைகளிலும் மண்டபங்களிலும் பாடியவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள். இசைத்தட்டு வெளியிடாதவர்கள் அவர்களில் ஏராளம். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் எவரோ வைத்த டேப் ரெக்கார்டர்தான் அவர்களுக்குச் சாட்சி.

முதல் வேலை, கேசட்டின் முதுகில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுவது. உடைத்தபின் தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய ஒலி அழியாது. அடுத்து நாடாவை வெளிச்சத்தில் பாருங்கள். டர்பனின் புழுக்கத்தில் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி படியும். அது பூஞ்சை. அதை அப்படியே நல்ல கருவியில் போட்டால் அடுத்தடுத்த கேசட்டுகளுக்கும் தொற்றும். பூஞ்சை பிடித்தவற்றைத் தனியாக ஒதுக்குங்கள். முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள். நல்ல நிலையில் உள்ளவற்றை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். ஒட்டிக்கிடந்த நாடா இளகும்.

இப்போது கணினிக்கு மாற்றலாம். கருவியில் நாடா உரசிச் செல்லும் ஒலித்தலையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து உலரவிடுங்கள். கருவியின் 'லைன் அவுட்' துளையிலிருந்து யூஎஸ்பி ஒலி இடைமுகத்துக்கு (ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் சிறு பெட்டி) வயர் கொடுங்கள். ஹெட்ஃபோன் துளையிலிருந்து எடுப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும். மென்பொருளுக்கு ஆடாசிட்டி போதும், இலவசம். பதிவின் தரத்தை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 நிமிடக் கேசட் ஒன்று ஏறக்குறைய 1.5 ஜிபி இடம் பிடிக்கும். தவில் உச்சத்தில் அடிக்கும்போதும் அளவுமானி மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டக்கூடாது. தாண்டி உடைந்த ஒலியைப் பிறகு எதைக் கொண்டும் ஒட்டவைக்க முடியாது.

பாதியில் லோட் ஷெடிங் என்ற மின்வெட்டு வந்தால் மடிக்கணினி பேட்டரியில் ஓடும். கேசட் கருவி அப்படியே நின்றுவிடும். பழைய வகைக் கருவியில் ரப்பர் உருளை நாடாவை அழுத்திப் பிடித்தபடியே இருக்கும். உடனே நிறுத்தும் பொத்தானை அழுத்திக் கேசட்டை வெளியே எடுங்கள். நான் ஒருமுறை தேநீர் குடிக்கப் போய்விட்டு, நாடாவில் ஒரு மடிப்பைச் சம்பாதித்தேன்.

இரைச்சலை அகற்றும் கருவிகளை இந்தக் கட்டத்தில் தொடவே வேண்டாம். இரைச்சலோடு சேர்ந்து தம்பூரா நாதமும் போய்விடும். மூலக்கோப்பை மாற்றாமல் ஃபிளாக் வடிவில் சேமியுங்கள். அது கோப்பைச் சுருக்குமே தவிர ஒலியில் எதையும் இழக்காது.

இனி, விவரச் சீட்டு. தொடங்குகிறவர்கள் சோம்பல்படும் இடம் இதுதான். என்னைக் கேட்டால், பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு எழுத்துக்கோப்பு வையுங்கள். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். மாதமும் நாளும் தெரியாவிட்டால் 1988-00-00. ஊர், மண்டபம், பாடியவர், பக்கவாத்தியம், பாடல் வரிசை எல்லாம் வேண்டும். இடத்தின் பெயரை அன்று வழங்கியபடியும் இன்று வழங்குகிறபடியும் குறியுங்கள். கிரே தெரு இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ தெரு. பேரப்பிள்ளைகளுக்குப் பழைய பெயர் புரியாது.

பதிவு வந்த வழியையும் எழுத வேண்டும்: முதல் கேசட்டா, நகலின் நகலா, எந்தக் கருவியில் ஓட்டியது, எந்த மென்பொருள். கேசட்டைத் திருப்பிப் போட்டபோது பாட்டு அறுந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று வழங்கும் தெருக்கூத்தில் இது பெரிய தலைவலி. விடிய விடிய நடக்கும் கூத்து ஆறேழு கேசட்டுகளில் கிடக்கும்; எண் போட்டிருக்க மாட்டார்கள். கதை தெரிந்த ஒரு தாத்தாவைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் வரிசைப்படுத்த வேண்டும்.

உறை மேல் எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். 1989 என்று எழுதிய ஒரு கேசட்டில் ஒரு சிறுமி 'சின்னச் சின்ன ஆசை' பாடுகிறாள். அந்தப் பாட்டு வந்த 'ரோஜா' வெளியானது 1992இல். பழைய கச்சேரியின் மேலேயே புதியதைப் பதிந்திருக்கிறார்கள். இப்படிச் சினிமாப் பாட்டைக் கொண்டு 'இதற்கு முன்னால் இருக்க முடியாது' என்று ஒரு வரம்பு கட்டலாம். அறிவிப்பாளர் பேச்சை வெட்டாதீர்கள். நன்கொடை கொடுத்தவர் பெயர் முதல் மறுநாள் பூசை நேரம் வரை அதில் இருக்கும். ஊகித்ததை ஊகம் என்றே எழுதுங்கள்.

கைமாற்றும் வழக்கங்களை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் ராக் இசைக்குழு, ஒலிப்பதிவு செய்யும் ரசிகர்களுக்கு 1984இல் அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. பதிவுகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் அவ்வகை ரசிகர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு: விற்கக் கூடாது. பதிலுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாத புதியவர் வெற்றுக் கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் போதும். இன்று அதற்குப் பதில் பென் டிரைவ். ஒலியில் ஒரு பகுதியை இழந்த எம்பி3யை ஃபிளாக்காக மாற்றி நல்ல சரக்கு என்று தள்ளிவிடுவது அவர்களிடையே பெரிய குற்றம். கோப்புகளோடு எம்டி5 சரிபார்ப்பு எண்ணையும் அனுப்பினால், வழியில் ஏதாவது கெட்டிருக்கிறதா என்று வாங்கியவர் பார்த்துக்கொள்வார்.

கடையில் விற்பனைக்கு உள்ள பதிவைக் கைமாற்றாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் 1967ஆம் ஆண்டிலிருந்தே நிகழ்த்துகலைஞர்களைப் பாதுகாக்கும் சட்டம் இருக்கிறது. அனுமதி கேட்காமல் புதிய கச்சேரியைப் பதிவு செய்து பரப்பினால் சிக்கல்தான். பழையவற்றுக்குப் பாடியவரையோ அவர் குடும்பத்தையோ தேடிப்போய்க் கேளுங்கள். பெரும்பாலும் அங்கே சோறு போட்டு, இன்னும் நான்கு கேசட்டுகளைக் கையில் கொடுத்தனுப்புவார்கள்.

அந்தக் குடும்பத்துக்கு நகல் கொடுக்கும்போது மட்டும் ஃபிளாக், சரிபார்ப்பு எண் என்று பாடம் நடத்தாதீர்கள். எம்பி3யாகப் பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள். காரில் போட்டுக் கேட்பார்கள்.