வீட்டு மால்ட் இனிக்காதபோது

மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) கிடைக்காத இடத்தில் தாங்களே பார்லியை முளைகட்டி பீர் காய்ச்சுகிறவர்களுக்கு அடிக்கடி வரும் கோளாறு: ஒரு மணி நேரம் வெந்நீரில் ஊறியும் சாறு இனிக்காது. ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலமாகும். அதாவது, மாவுச்சத்து கரைந்தும் சர்க்கரையாகவில்லை.

காரணம் பெரும்பாலும் உலர்த்துவதில்தான். ஈர முளையை நேரே சூட்டில் வைத்தால், மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் செத்துவிடும். 40–45 டிகிரி செல்சியஸ் காற்றில், கடித்தால் நொறுங்கும்வரை காயவைத்து, அதன் பிறகே 80 டிகிரிக்கு ஏற்றுகிறேன். இதில் அவசரமே கூடாது.

தண்டுமுளை உமிக்கடியில் மணியின் முக்கால் நீளம் வளர்ந்ததும் முளைகட்டுவதை நிறுத்துங்கள். வேரின் நீளத்தை நம்ப வேண்டாம். தீட்டிய பார்லி முளைக்காது.

ஊறவைக்க, ஒரு கிலோ மால்ட்டுக்கு 3 லிட்டர் நீர். மால்ட் 25 டிகிரியில் இருந்தால், 72 டிகிரி நீர் ஊற்றினால் கலவை 66-க்கு அருகில் நிற்கும்.

இனிக்காத ஊறலைக் கொட்டிவிடாதீர்கள். சூடு காட்டாமல் காற்றில் மட்டும் உலர்த்திய மால்ட்டை, முன்பு போட்ட மால்ட்டில் கால் பங்கு அளவு உடைத்துச் சேர்த்து, 65 டிகிரியில் இன்னும் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி சோதிக்கும்போது தெளிந்த சாற்றை மட்டும் எடுங்கள், உமி எப்போதும் கறுக்கும். அயோடின் விட்ட சாற்றைப் பானையில் திரும்ப ஊற்றக் கூடாது.