பிரபஞ்சத்தின் வடிவம்: வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையகப் பாடசாலை ஒன்றில் “பிரபஞ்சம் தட்டையானது” என்று சொல்லிப் பாருங்கள்; பிள்ளைகளின் மனதில் வருவது ரொட்டி. இங்கே தட்டை என்றால் மெல்லியது என்று பொருளல்ல. நீளம், அகலம், உயரம் மூன்றும் உள்ள வெளியில் மிகப் பெரிய முக்கோணம் போட்டாலும் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை, அவ்வளவுதான்.

தேயிலை மலையைக் காட்டி “இதுதான் வளைவு” என்பதும் பிழை. சீரான சரிவில் கயிறு கட்டி முக்கோணம் போட்டாலும் 180 தான் வரும். உருண்டையான குன்றின் தலையில் அது 180ஐத் தாண்டும். இரு குன்றுகளுக்கு நடுவே சேணம்போல் தாழும் கணவாயில் குறையும்.

அடிக்கடி நடக்கும் பெரிய தவறு, தட்டை என்றால் முடிவில்லாதது என்று முடிவுகட்டுவது. ஒரு ஏ4 தாளில் முக்கோணம் வரைந்து, பாகைமானியால் அளந்து, பிறகு தாளை உருளையாகச் சுருட்டுங்கள். கோணங்கள் மாறவில்லை, ஆனால் ஒரு பக்கமாகப் போனால் புறப்பட்ட இடத்துக்கே வரலாம். தோடம்பழத்தில் அதே தாளைச் சுற்றினால் கசங்கும். அங்கே உண்மையான வளைவு இருக்கிறது. பழைய கைத்தொலைபேசிப் பாம்பு விளையாட்டில் வலது ஓரத்தால் போகும் பாம்பு இடது ஓரத்தால் வருமே, அந்தத் திரை தட்டை, ஓரமில்லாதது, ஆனாலும் அளவுக்கு உட்பட்டது. வளைவு ஒரு கேள்வி, வெளி எப்படி ஒட்டப்பட்டிருக்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டாவதுதான் இடவியல்.

ஆதிப் பிரபஞ்சத்தின் மிச்ச ஒளியான நுண்ணலைப் பின்னணியை அளந்த பிளாங்க் செய்மதியின் 2018 முடிவுகளை விண்மீன் திரள்களின் பரவல் அளவுகளோடு சேர்த்தபோது வளைவின் அளவு (பூச்சியம் என்றால் தட்டை) 0.0007, பிழை ±0.0019. பூச்சியம் இந்த வரம்புக்குள் அடங்குகிறது. அதற்காக “சரியாகப் பூச்சியம்” என்று கரும்பலகையில் எழுதிவிடாதீர்கள். வெளி தன்மேல் சுற்றி வந்தால் ஒரே இடம் இரு திசைகளில் தெரியலாம்; அதை அறிய, நுண்ணலைப் பின்னணியில் ஒன்றோடொன்று பொருந்தும் வட்டங்களைத் தேடினார்கள், அகப்படவில்லை. சுற்று நாம் காணும் எல்லையைவிடப் பெரிதாக இருந்தாலும் அகப்படாதுதான்.

அந்த எல்லையையும் 1,380 கோடி ஒளியாண்டு என்று சொல்வார்கள். அது பிரபஞ்சத்தின் வயதைப் பார்த்துப் போடும் கணக்கு. ஒளி வரும் வழியிலேயே வெளி விரிந்ததால் ஆரம் சுமார் 4,600 கோடி ஒளியாண்டு.

பிரபஞ்சம் விரிவதைக் காட்டப் பலூனை ஊதும்போது, அதன் தோலை மட்டுமே பிரபஞ்சமாகக் கொள்ளச் சொல்லுங்கள், இல்லையேல் “நடுவில் என்ன?” என்ற கேள்வி நிச்சயம். பேனாவால் புள்ளி வைக்க வேண்டாம், ஊதும்போது அதுவும் பருத்துவிடும். ஒட்டுப் பொட்டு வையுங்கள்: ஈர்ப்பால் கட்டுண்ட விண்மீன் திரள் விரிவதில்லை, இடைவெளிதான் கூடுகிறது.