பாத்தேக் சட்டைக்குள் கிளாக்

கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் நகைக்கடை, அதனால் போலீஸ் லைசென்ஸோடு கைத்துப்பாக்கி வைத்திருக்கிறேன். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அந்த லைசென்ஸ் லேசில் கிடைக்காது, அந்தக் கதை இங்கே வேண்டாம். எனக்குத் தலைவலி கொடுத்தது பாத்தேக் சட்டை. கொஞ்சம் குனிந்தாலே என் கிளாக் 19 துப்பாக்கியின் பிடி பின்னால் முட்டிக்கொண்டு தெரிந்தது. வாங்கும்போது எல்லாரும் குழல் நீளத்தைத்தான் பார்ப்பார்கள், ஆனால் இடுப்புக்குள் செருகினால் குழல் கால்சட்டைக்குள் மறைந்துவிடும், காட்டிக்கொடுப்பது பிடியின் உயரம்தான். சரி என்று கிளாக் 26-க்கு மாறினேன். தடிமன் ஏறக்குறைய அதேதான், பிடி மட்டும் சுமார் 2 சென்டிமீட்டர் குட்டை, 15 தோட்டாவுக்குப் பதில் 10. பழைய 19-இன் மேகசினும் (தோட்டா அடுக்கும் கூடு) இதில் பொருந்தும்.

பிடி குட்டையானதும் சுண்டுவிரலுக்கு இடமில்லை. மேகசின் அடியில் நீட்டிப்பு போடச் சொன்னார்கள். போட்டால் குறைத்த உயரம் திரும்ப வந்துவிடுமே! அதற்குப் பதிலாகப் பிடியில் சொரசொரப்பான டேப் ஒட்டினேன், கேஎல் புழுக்கத்தில் வியர்த்த கைக்கு அது போதும். குறிபார்க்க உதவும், இருட்டில் ஒளிரும் டிரிட்டியம் குறிகளை லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலேயே மாற்றினேன். டிரிகரைத் தொடவிடவில்லை. கிளாக்கில் கையால் போடும் தனி சேஃப்டி கிடையாது, லேசாக்கிய டிரிகரை இடுப்பில் வைத்துக்கொண்டு அலைய எனக்குத் தைரியமில்லை.

அப்புறம் உறை. டிரிகர் பகுதியை முழுசாக மூடும் கெட்டியான கைடெக்ஸ் பிளாஸ்டிக் உறைதான் வேண்டும், அதோடு வளையாத பெல்ட். சாதா பெல்ட்டில் எந்தத் துப்பாக்கியும் வெளியே சாயும்.