கம்பியில்லாமல் நிற்கும் டிப்ளோடோகஸ் மாதிரி செய்யும் முறை

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நீள்கழுத்து டைனோசர் செய்பவர்கள், தலை முதல் வால் வரை ஒரே கனத்த கம்பியைச் செருகி வேலையை முடித்துவிடுவது வழக்கம். அந்த மாதிரி நிற்கும். ஆனால் அந்த விலங்கு எப்படி நின்றது என்பதை அது காட்டாது. காரைக்குடித் தச்சுப்பட்டறைகளில் கிடைக்கும் துண்டுக் கட்டை, தெர்மாகோல், பழைய சைக்கிள் டியூப் ஆகியவற்றைக் கொண்டே அதைக் காட்டிவிடலாம்.

டிப்ளோடோகஸ் என்னும் நீள்கழுத்து டைனோசர் ஏறத்தாழ 26 மீட்டர் நீளமுடையது. இருபதில் ஒரு பங்காகக் குறைத்தால் மாதிரி 1.3 மீட்டர் வரும். அதில் பாதியை வாலுக்கும், 32 செ.மீ. அளவைக் கழுத்துக்கும் ஒதுக்குங்கள்.

முதலில் கால்கள். ரீப்பர் கட்டையில் பின்கால்களை 14 செ.மீ., முன்கால்களை 10 செ.மீ. உயரத்துக்கு அறுத்து, முழங்காலில் வளைவு வைக்காமல், உடலுக்கு நேர் கீழே நிறுத்துங்கள். செட்டிநாட்டு வீடுகளின் வளவுத் (முற்றத்துத்) தூண்கள் கூரையின் சுமையை நேராகத் தரைக்கு இறக்குவதைப் போலவே இக்கால்களும் வேலை செய்தன. கால் பக்கவாட்டில் விரிந்திருந்தால், உடலைத் தூக்கி வைத்திருப்பதற்கே தசைகள் ஓயாது உழைக்க நேர்ந்திருக்கும். முன்பாதத்தின் ஐந்து உள்ளங்கை எலும்புகளும் அரைவட்டமாகச் செங்குத்தாக நின்றதால், அட்டையை அரைக்குழலாகச் சுருட்டி முன்காலின் அடியில் ஒட்டுங்கள். பின்பாதத்தில் சதைப்பற்றான மெத்தை இருந்தது; அங்கே டியூப் துண்டை ஒட்டுங்கள். ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த வழுவழுப்பான தளத்தில் மாதிரியை வைக்க நேர்ந்தால், இந்த ரப்பரின் அருமை உடனே தெரியும்.

இடுப்பில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றாக இணைந்திருந்தன என்பதால், அவ்விடத்தில் ஒரே மரத்துண்டை வைத்துப் பின்கால்களை அதில் பொருத்துங்கள். உடலின் எடைமையம் பின்கால்களுக்கு அருகில் அமைந்திருந்தது. நீண்ட வால் கழுத்துக்கு எதிர்ப்பாரமாக இருந்தது. வாலைச் சிறிது சிறிதாக நறுக்கிப் பார்த்தால், எந்த இடத்தில் மாதிரி முன்புறம் சாயத் தொடங்குகிறது என்பது புரியும்.

பொறுமை தேவைப்படுவது கழுத்துக்குத்தான். தெர்மாகோலில் 15 துண்டுகள் செய்து, ஒவ்வொன்றின் முன்முகத்தைக் குமிழாகவும் பின்முகத்தைக் குழியாகவும் தேய்த்து, ஒன்றின் குமிழ் மற்றொன்றின் குழியில் உட்காருமாறு நடுவே நூல் கோத்துவிடுங்கள். ஒவ்வொரு துண்டின் மேலும் இரண்டு சிறு குச்சிகளைக் கவைபோல் நட்டு, டியூபில் நறுக்கிய மெல்லிய பட்டையை அந்தப் பிளவுகளின் வழியே தலையிலிருந்து முதுகு வரை இழுத்துக் கட்டுங்கள். டிப்ளோடோகஸின் கழுத்தெலும்புகளின் மேல்முனை இப்படித்தான் பிளந்திருந்தது. அதனுள் நீண்டு சுருங்கும் தடித்த நார் ஓடி, கழுத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும் என்று கருதப்படுகிறது. மேலே ரப்பர் இழுக்க, கீழே துண்டுகள் ஒன்றையொன்று அழுத்த, கழுத்து தானாகவே அந்தரத்தில் நிற்கும்.

இனி இரண்டு தெர்மாகோல் துண்டுகளுக்குப் பதிலாகக் களிமண் துண்டுகளைக் கோத்துப் பாருங்கள், கழுத்து தொங்கிவிடும். உண்மையான கழுத்தெலும்புகள் காற்றறைகளால் குடையப்பட்டிருந்தன. உணவை மெல்லாமல் விழுங்கியதால் பெரிய தாடையும் கடைவாய்ப் பற்களும் தேவைப்படவில்லை. ஆகவே தலையையும் சிறிதாகவே செய்யுங்கள்.

இவ்வளவு பெரிய உடலைத் தண்ணீர்தானே தாங்கியிருக்கும் என்று பார்வையாளர் யாராவது நிச்சயம் கேட்பார். ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினார்கள். ஆழ்நீரில் நின்றபடி கழுத்தை மட்டும் வெளியே நீட்டினால், நீரின் அழுத்தத்தில் நுரையீரல் விரியாது என்று 1951-இல் தொல்லுயிரியலாளர் கெர்மாக் சுட்டிக்காட்டினார். இதைச் சொல்லிவிட்டு, ரப்பரைத் தளர்த்திக் கழுத்து சாய்வதையும் மீண்டும் இழுத்துக் கட்டியதும் அது எழுவதையும் செய்து காட்டுங்கள்.