டர்போ ஆக்சுவேட்டருடன் தொடர்பு அறுந்தால்: சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டீசல் கார் இழுக்கவில்லை, இன்ஜின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் யு010சி: டர்போ கட்டுப்பாட்டு மாட்யூலுடன் தொடர்பு இல்லை. இதைப் பார்த்ததும் புது ஆக்சுவேட்டருக்கு (டர்போ லீவரை அசைக்கும் மோட்டார்; இந்த வகையில் மாட்யூல் அதற்குள்ளேயே இருக்கும்) ஆர்டர் போடுவதுதான் அதிகப் பணம் தின்னும் தவறு. அந்தக் குறியீட்டைப் பதிவு செய்தது ஆக்சுவேட்டர் அல்ல, இன்ஜினை இயக்கும் கணினியான ஈசியூ. குறித்த நேரத்துக்குள் வர வேண்டிய செய்தி வரவில்லை என்பது மட்டுமே அதற்குத் தெரியும்; ஏன் வரவில்லை என்று தெரியாது. கரண்ட் போகாமல் இருக்கலாம், எர்த் கெட்டிருக்கலாம், கேன் வயர் (மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசும் பஸ் எனும் பொது இணைப்பின் இரு வயர்கள், கேன் ஹை, கேன் லோ) அறுந்திருக்கலாம், ஆக்சுவேட்டரே செத்திருக்கலாம். தேடலும் இதே வரிசையில்தான் போக வேண்டும்.

குறியீட்டை அழித்துவிட்டு, திரும்ப வருகிறதா பார்ப்போம் என்று வண்டியை அனுப்பாதீர்கள். அழித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரமும் (கோளாறு பதிவான நேரத்து அளவுகள்) சேர்ந்து போய்விடும். அதில் பேட்டரி வோல்டேஜ் 9 என்று இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியும் அதன் முனைகளும்தான். கூடவே எல்லா மாட்யூல்களையும் ஸ்கேன் செய்யுங்கள். ஆக்சுவேட்டரை மட்டும் காணவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் அந்தக் கிளையில் இருக்கும். ஏபிஎஸ், கியர்பாக்ஸ் எல்லாம் ஒன்றையொன்று காணவில்லை என்று சொன்னால் பொது வயரையோ பொது சப்ளையையோ தேட வேண்டும்.

கனெக்டரில் 5 பின் இருக்கிறதே, கேன் ஆக்சுவேட்டர்தான் என்று முடிவு கட்டுவதும் ஆபத்து. மோட்டாருக்கு இரண்டு, பொசிஷன் சென்சாருக்கு 5 வோல்ட், சிக்னல், எர்த் என்று ஈசியூ நேரடியாக இயக்கும் வகையிலும் 5 பின்தான். அந்த வகை கேன் பஸ்ஸில் பேசுவதே இல்லை. ஆகவே வயரிங் வரைபடம் இல்லாமல் மீட்டரைக் கையில் எடுக்காதீர்கள்.

அதிகம் ஏமாற்றுவது சப்ளை சோதனை. கனெக்டரைக் கழற்றி மீட்டர் வைத்தால் 12.4 வோல்ட் காட்டும். சப்ளை சரி என்று எழுதிவிடுவார்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகச் சிறியது. வயருக்குள் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் அது முழு வோல்டேஜைக் காட்டும். ஓம் அளவிலும் அந்த இழை நல்ல வயர் போலவே தெரியும். இன்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பை சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே கொடுங்கள். அது ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். பல்பு எரியும்போது அதன் இரு முனையில் வரும் வோல்டேஜ் பேட்டரியை விட அரை வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. குறைந்தால் எந்தப் பக்கம் என்று பிரித்துப் பாருங்கள். எர்த் பின்னிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை 0.2 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி முறுக்க வேண்டும். கேன் பின்களில் பல்பை வைக்கவே கூடாது.

ஃபியூஸ் போயிருந்தால் புதிது போட்டதோடு வேலை முடியாது. டர்போவின் வேன்கள் (லீவர் திருப்பும் சிறு தகடுகள்) கரி பிடித்து இறுகினால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்து ஃபியூஸை எரித்துவிடும். இணைப்புக் கம்பியைக் கழற்றி டர்போ லீவரைக் கையால் அசைத்துப் பாருங்கள். தடையில்லாமல் முழுத் தூரமும் போய் வர வேண்டும். இறுகிய டர்போவில் புது ஆக்சுவேட்டரை மாட்டினால் அதுவும் நீடிக்காது.

கேன் வயர்களின் ஓம் அளவை இக்னிஷன் போட்டபடி எடுத்தால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்து, கேன் ஹைக்கும் கேன் லோவுக்கும் இடையே அளக்க வேண்டும். ஆக்சுவேட்டர் கனெக்டரின் வண்டிப் பக்கத்தில் சுமார் 60 ஓம் வந்தால் இரு முனையிலும் உள்ள 120 ஓம் ரெசிஸ்டர்கள் தெரிகின்றன. 120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. ஆனால் சில வண்டிகளில் ஒரு ரெசிஸ்டர் ஆக்சுவேட்டருக்குள்ளேயே இருக்கும், அங்கே கழற்றிய நிலையில் 120தான் சரி. பூஜ்யத்துக்கு அருகே வந்தால் இரு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 60 வந்துவிட்டதே என்று நிறுத்திவிடக் கூடாது, எர்த்தோடு ஒட்டிய வயர் இந்த அளவில் தெரியாது. ஒவ்வொரு வயரையும் எர்த்துக்கு எதிராகத் தனியே அளந்து பாருங்கள். பிறகு பேட்டரியை மாட்டி, இக்னிஷன் போட்டால் மீட்டரில் கேன் ஹை 2.5 வோல்ட்டுக்குச் சற்று மேலேயும் கேன் லோ சற்றுக் கீழேயும் நிற்க வேண்டும்.

இதையெல்லாம் ஓபிடி சாக்கெட்டின் 6, 14 பின்களிலேயே முடித்துக்கொள்வது பலர் செய்யும் தவறு. புதிய கார்கள் பலவற்றில் நடுவே கேட்வே (பஸ்களுக்கு இடையே செய்தியைக் கடத்தும் மாட்யூல்) இருக்கிறது. அங்கே கிடைக்கும் அளவு கேட்வே வரையிலான வயரைப் பற்றி மட்டுமே சொல்லும், டர்போ பக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

டர்போ தவிர மற்ற ஆக்சுவேட்டர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது: ஏசி ஃப்ளாப் மோட்டார், ரேடியேட்டர் முன்னுள்ள ஷட்டர் போன்றவை பெரும்பாலும் லின் என்ற வேறு வகை பஸ்ஸில் ஓடும். அது ஒற்றை வயர்; அங்கே 60 ஓம் கணக்கு செல்லாது. செய்தி ஓடாத நேரத்தில் பேட்டரி வோல்டேஜுக்கு அருகே நிற்க வேண்டும். எப்போதும் பூஜ்யம் என்றால் வயர் எர்த்தில் பட்டிருக்கலாம்.

சோதிக்கும்போதே புதுக் கோளாறை உண்டாக்கிவிடுவதும் நடக்கிறது. மீட்டர் முள்ளைப் பெண் பின்னுக்குள் திணித்தால் அது விரிந்து, பிறகு பிடிக்காது. கனெக்டரின் பின்புறத்திலிருந்து மெல்லிய பின் விட்டு அளக்கலாம், அல்லது பொருத்தமான ஆண் பின்னைச் செருகிப் பிடிமானம் பார்க்கலாம். வயரை ஊசியால் குத்தினால் ஓட்டை வழியே ஈரம் ஏறி, பச்சை பூத்து, சில மாதத்தில் அறுந்துவிடும்.

குளிர்ந்த இன்ஜினில் எல்லாம் சரியாக இருக்கிறது என்பதால் வண்டியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். ஆக்சுவேட்டர் டர்போவின் சூட்டிலேயே வாழ்கிறது. உள்ளே சால்டர் விரிசல் விட்டிருந்தால் சூடேறிய பிறகுதான் பேச்சு நிற்கும். ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து வைத்து, இன்ஜின் நன்றாகச் சூடான பின் வயரிங்கை அசைத்துப் பாருங்கள்.

சப்ளை, எர்த், கேன் மூன்றும் பல்போடும் மீட்டரோடும் சரியென்று தெரிந்து, அப்போதும் அது பேசாவிட்டால்தான் ஆக்சுவேட்டரை மாற்றலாம். அதைச் செருகியதும் மொத்த பஸ்ஸும் விழுந்து, கழற்றியதும் எழுந்தால் சந்தேகமே வேண்டாம். புதிதை மாட்டியதும் பல மாடல்களில் ஸ்கேனரில் கற்பித்தல் செய்ய வேண்டும். லீவரின் இரு எல்லைகளையும் அது அப்போதுதான் அறியும். அதை விட்டுவிட்டால் தொடர்பு வந்துவிடும், வண்டி மட்டும் இழுக்காது.