ரோமில் தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள்

மூன்றாம் முறை ரோம் போனபோதுதான் எனக்கே இது உறைத்தது. தெருவுக்குத் தெரு ‘நசோனே’ என்ற வார்ப்பிரும்புக் குழாய்த்தூண் நிற்கிறது. 1870-களில் வைக்கத் தொடங்கியவை, இன்று 2,000-க்கு மேல். ‘பெரிய மூக்கு’ என்று பொருள். குழாயின் வளைவைப் பார்த்தால் புரியும். தண்ணீர் ஜில்லென்று இருக்கும், தாராளமாகக் குடிக்கலாம். குனிந்து வாய் வைக்கவும் வேண்டாம். குழாய் முனையை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாகப் பீய்ச்சி எழும். மெதுவாக அடையுங்கள், நான் முதல் தடவை சட்டையை நனைத்துக்கொண்டேன்.

அப்புறம், மழை வந்தால் விடுதிக்கு ஓடாமல் பழங்கால ரோமானியக் கோயிலான பாந்தியனுக்குப் போங்கள். 2023 முதல் கட்டணம் உண்டு, பரவாயில்லை. குவிமாடத்தின் வட்டத் திறப்பு வழியே மழை உள்ளேயே விழும். பளிங்குத் தரையில் அதற்கென்றே வடிகால் துளைகள்!