மதுரை வெயிலில் பின்னல்: எந்த நூலை எதற்கு எடுப்பது?

பின்னல் பழக வருபவர்கள் முதலில் ஊசியைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். நூலைப் பற்றித்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) ஏற்றுவதும் வரிசை திருப்புவதும் பழகப் பழக வந்துவிடும். பொருந்தாத நூலில் பின்னிய ஸ்வெட்டரோ எவ்வளவு அழகாக இருந்தாலும் பெட்டியிலேயே கிடக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய செய்முறைகளைச் சித்திரை வெயில் காயும் ஊரில் இருந்துகொண்டு எழுத்துப் பிசகாமல் பின்பற்றினால் இதுதான் நடக்கும்.

முதல் படி: நூல் எதனால் ஆனது என்று பாருங்கள்

விளக்குத்தூண், மாசி வீதிகள் பக்கம் உள்ள தையல் பொருள் கடைகளில் ‘உல்லன்’ என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக்கைத்தான் எடுத்துப் போடுவார்கள். அதில் ஆட்டு ரோமம் கிடையாது. பெட்ரோலிய வேதிப்பொருளிலிருந்து ஆலையில் உருவாக்கிய இழை அது. விலை குறைவு, எடை குறைவு, துவைப்பதும் எளிது. கொஞ்சம் இழுபடும் தன்மை இருப்பதால் பலமுறை பிரித்துப் பின்னினாலும் தாங்கும். ஆகவே கை பழகுவதற்கு அக்ரிலிக்கையே வாங்குங்கள், அதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் வியர்வையை அது உறிஞ்சாது; சூட்டில் உருகும். அடுப்படிக் கரித்துணியை அக்ரிலிக்கில் பின்னவே கூடாது. கொதிக்கும் பாத்திரத்தில் பட்டு இளகினால் கையில் ஒட்டிக் காயமாகிவிடும். பின்னி முடித்த துணியின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியையும் வைக்காதீர்கள்.

அணிவதற்கு நம் ஊருக்கு ஏற்றது பருத்திதான். ஹார்வி மில் சங்கு கேட்டு வளர்ந்த ஊருக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. வியர்வையை உறிஞ்சும், ஈரத்தில் இன்னும் உறுதியாகும், சூட்டைத் தாங்கும். குழந்தைச் சட்டை, கரித்துணி, தோள்பை எல்லாவற்றுக்கும் இதை நம்பலாம். குறையும் உண்டு. பருத்தி இழுபடாது, அதனால் பழகாத கைக்கு மணிக்கட்டு வலிக்கும். எடை அதிகம் என்பதால் பெரிய உடைகள் தம் பாரத்தாலேயே கீழே இறங்கும். பளபளக்கும் பருத்தி நூலைக் கடையில் பார்த்தால் அது மெர்சரைஸ் செய்தது. பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைக்கும் இந்த முறையை ஜான் மெர்சர் 1844-ல் கண்டறிந்தார். நூலுக்கு உறுதியும் சாயம் பிடிக்கும் தன்மையும் கூடும். நனைக்கும்போது நூலை இழுத்துப் பிடித்தால் மினுமினுப்பும் வரும். ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவுக்கு அருமையான நூல். இரண்டு ஊசிப் பின்னலில் வழுக்கும் என்பதால் தொடக்கத்தில் வேண்டாம்.

அசல் கம்பளி நூல் செம்மறியின் ரோமத்திலிருந்து வருவது. ஆனால் நம் பக்கத்துக் கரிசலில் மேயும் கீழக்கரிசல், வெம்பூர் போன்ற இனங்கள் இறைச்சிக்காக வளர்க்கப்படுபவை. அவற்றின் மேல் இருப்பது நூற்க உதவாத குட்டை முடி. மெல்லிய ரோமம் தரும் பாரத் மெரினோ ஆடுகளைப் பார்க்க வேண்டுமானால் கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூருக்குப் போக வேண்டும். மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் அங்கே இருக்கிறது. கொடைக்கானலிலோ மூணாறிலோ இருக்கும் உறவினருக்குப் பின்னுகிறீர்கள் என்றால் கம்பளிக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. அதைப் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். வெந்நீரில் போட்டுக் கசக்கினால் ரோமத்தின் செதில்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு துணி சுருங்கித் தடித்துப்போகும். பிறகு அதை மீட்கவே முடியாது.

மூங்கில் நூல் என்று விற்பது பெரும்பாலும் மூங்கில் கூழிலிருந்து வேதிமுறையில் எடுத்த விஸ்கோஸ் இழை. குளுமையாக, துவளத் துவள இருக்கும், நனைந்தால் வலுவிழக்கும். கை பழகிய பிறகு பார்க்கலாம்.

எதனால் ஆனது என்று சொல்லும் சீட்டு இல்லாத நூல் கிடைத்தால் சிறு துண்டை இடுக்கியில் பிடித்து, அருகில் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, குழந்தைகள் இல்லாத இடத்தில் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகித வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளியில் முடி கருகும் வாடை வரும். தீயை விலக்கினால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். அக்ரிலிக் உருகி எரிந்து கறுப்பாகக் கெட்டித்துப்போகும். கலப்பு நூல் என்றால் இந்த அடையாளங்களும் கலந்தே வரும்.

இரண்டாம் படி: எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள்

மில்லிலோ தறியிலோ வேலை பார்த்தவர்கள் இருக்கும் வீடுகளில் 40-ஆம் நம்பர், 80-ஆம் நம்பர் என்று பேசக் கேட்டிருப்பீர்கள். ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டங்கள் (நூல் சுருள்கள்) எத்தனை அடங்குகின்றன என்பதே அந்த நம்பர். எண் ஏற ஏற நூல் மெலியும். குரோஷா நூலிலும் எண் கூடினால் நூல் மெல்லிசுதான். பின்னல் நூலில் சொல்லும் ‘பிளை’ இதற்கு நேர் எதிர்: 4 பிளை மெல்லியது, 8 பிளை நடுத்தரம், 12 பிளை தடித்தது. பிளை என்றால் புரி, அதாவது சேர்த்து முறுக்கிய இழை, என்றாலும், 8 பிளை நூலைப் பிரித்தால் எட்டுப் புரி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இன்று அது பருமனைக் குறிக்கும் வழக்குச் சொல்லாகவே இருக்கிறது. ஊசியில் எண் மறுபடியும் தலைகீழாகும்: பழைய பிரிட்டிஷ் கணக்கில் 8-ஆம் நம்பர் ஊசி 4 மி.மீ., 10-ஆம் நம்பர் 3.25 மி.மீ. ஆகவே ஊசியை எப்போதும் மில்லிமீட்டர் சொல்லியே கேளுங்கள்.

சந்தேகம் இருந்தால் நூலை ஒரு ஸ்கேலின் மேல் இழுக்காமல், நெருக்காமல், பக்கம் பக்கமாகச் சுற்றுங்கள். ஓர் அங்குலத்துக்குள் 11 முதல் 15 சுற்று வந்தால் ஏறத்தாழ 8 பிளை என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: கிராமை விட்டு மீட்டரைப் பாருங்கள்

ஒரே பருமனில் 100 கிராம் அக்ரிலிக் ஏறக்குறைய 250 முதல் 300 மீட்டர் வரும். பருத்தி 200 மீட்டரை ஒட்டித்தான் வரும். அக்ரிலிக்குக்கு எழுதிய செய்முறையைப் பருத்தியில் பின்ன நினைத்து அதே எடைக்கு வாங்கினால் ஸ்வெட்டரின் கை ஒன்று முடியாமல் நூல் தீர்ந்துபோகும். அந்த நேரத்தில் கடைக்கு ஓடினால் அதே நிறம் கிடைக்கும், அதே சாயம் கிடைக்காது. ஒவ்வொரு தொட்டிச் சாயத்துக்கும் ஒரு லாட் எண் உண்டு. எல்லா உருண்டைகளிலும் அந்த எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, ஓர் உருண்டை கூடுதலாகவே வாங்குங்கள். அடர்ந்த சிவப்பு, நீலம் என்றால் ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துச் சாயம் இறங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

முதல் நூலாக 8 பிளை, வெளிர் நிறம், வழவழப்பான முறுக்கு உள்ளதை எடுங்கள். கறுப்பில் கண்ணி தெரியாது. பஞ்சு பறக்கும் நூலைப் பிரிக்க வராது. கைக்குழந்தைக்கு அது ஆகவே ஆகாது. தறிக்கான மெல்லிய சிட்ட நூலைப் பல இழையாகச் சேர்த்துப் பின்னலாம்தான், ஆனால் தொடக்கத்தில் இழைகள் தனித்தனியாகப் பிரிந்து ஊசியில் மாட்டும்.

நான்காம் படி: மாதிரித் துண்டு

பலரும் தாண்டிப் போகும் படி இது, தயவுசெய்து தாண்டாதீர்கள். 8 பிளை நூலில், 4 மி.மீ. ஊசியில் 30 கண்ணி ஏற்றி, ஒரு சாணுக்கு நெருங்கும்வரை பின்னுங்கள். துவைத்து, பிழியாமல் துண்டில் ஒற்றியெடுத்து, நிழலில் விரித்துக் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும். காய்ந்த பின் நடுவில் 10 செ.மீ. அளந்து கண்ணிகளை எண்ணுங்கள். செய்முறையில் 22 என்றிருக்க உங்களுக்கு 24 வந்தால் பின்னல் இறுக்கம். 88 கண்ணியில் 40 செ.மீ. சுற்றளவு வரவேண்டிய குழந்தைத் தொப்பி 37 செ.மீ.கூட எட்டாது. கையைத் தளர்த்த முயல வேண்டாம், 4.5 மி.மீ. ஊசிக்கு மாறி இன்னொரு துண்டு பின்னுங்கள். 20 வந்தால் 3.75 மி.மீ. ஊசியை எடுத்துப் பாருங்கள். எண்ணிக்கை பொருந்தியதும், எந்த ஊசி என்று நூல் சீட்டின் பின்புறம் எழுதி மாதிரித் துண்டோடு சேர்த்துக் கட்டி வைத்துவிட்டு, தொப்பிக்குக் கண்ணி ஏற்றலாம்.